முதியோர் பெருகும் நாட்டில் வேலைக்கு ஆள் எங்கே? ஜப்பான் அரசின் கொள்கைகள்: ஓர் எளிய விளக்கம்

ஜப்பானின் மக்கள்தொகை 2008 வாக்கில் 12.8 கோடியைத் தொட்டது. பிறகு இறங்கத் தொடங்கியது. ஆனால் வேலைச் சந்தையைப் பொறுத்தவரை முக்கியமான ஆண்டு அதுவல்ல, 1995. உழைக்கும் வயது என்று கணக்கிடப்படும் 15 முதல் 64 வயது வரையிலானவர்கள் அந்த ஆண்டில்தான் உச்சத்தில் இருந்தார்கள்: சுமார் 8.7 கோடி. 2023-இல் அது ஏறத்தாழ 7.4 கோடி. இப்போது அங்கே நூற்றுக்கு 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள்.

இத்தனைக்கும் வேலையில் இருப்போரின் எண்ணிக்கை சரியவில்லை, ஏறியிருக்கிறது. 2012-இல் சுமார் 6.28 கோடிப் பேர் வேலையில் இருந்தார்கள். 2024-இல் சுமார் 6.78 கோடி. 50 லட்சம் பேர் கூடிய பிறகும் லாரி ஓட்ட ஆளில்லை, முதியவரைக் குளிப்பாட்ட ஆளில்லை என்கிறார்கள். காரணம் எளிது. புதிதாக வேலைக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் முதியவர்களும் பகுதிநேரமாக வேலை செய்யும் பெண்களும். தலைக்கணக்கு ஏறியது, ஒருவர் ஆண்டில் சராசரியாக உழைக்கும் நேரம் குறைந்தது. அதனால் ஆள் பற்றாக்குறைக் கொள்கை எதைப் படித்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. இதனால் எத்தனை மணி நேர உழைப்பு கூடும்? அதே அரசின் வேறு எந்த விதி அந்த நேரத்தைத் தின்றுவிடும்? இரண்டாவது கேள்வியை அமைச்சகங்களே பல ஆண்டுகள் கேட்காமல் விட்டிருக்கின்றன.

பற்றாக்குறையை அளக்க அங்கே பெரிதும் பயன்படுவது ஒரு விகிதம். அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிவான காலியிடங்களை, வேலை தேடிப் பதிந்தவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒன்றுக்கு மேல் வந்தால் ஆளைவிட வேலை அதிகம். 2024-இல் நாடு முழுவதற்கும் இது 1.25. பார்க்கச் சின்ன எண். ஆனால் முதியோரின் வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் பணிக்கு மட்டும் 2023-இல் இது 14-ஐத் தாண்டியது: ஒருவர் வேலை கேட்டு வந்தால் பதினான்கு இடங்கள் அவரை இழுத்தன. அலுவலக எழுத்தர் வேலைக்கோ ஒன்றுக்கும் கீழே. ஆகவே பற்றாக்குறை நாடெங்கும் ஒரே சீராக இல்லை, சில தொழில்களில் குவிந்து கிடக்கிறது.

பிறப்பைக் கூட்டினால் தீராதா என்று கேட்கலாம். 2023 ஏப்ரலில் குழந்தைகளுக்கென்றே ஒரு தனி அரசு முகமை தொடங்கினார்கள். ஆனாலும் 2024-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.15 குழந்தைதான். நாளைக்கே இது இரட்டித்தாலும் அந்தக் குழந்தைகள் வேலைக்கு வர இருபது ஆண்டுகள் ஆகும். எனவே இந்தக் கட்டுரைக்கு அந்த வழி வேண்டாம்.

முதியவர்களை வேலையில் வைத்திருப்பது

ஓய்வு வயதைச் சட்டம் படிப்படியாகத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. 1998 முதல் 60-க்குக் கீழே ஓய்வு வயது வைக்கக் கூடாது. 2006 முதல் 65 வரை வேலை தர ஏற்பாடு செய்ய வேண்டும். 2013 முதல், விரும்பும் எவரையும் 65 வரை வைத்துக்கொள்ள வேண்டும். சில நிறுவனங்களுக்குத் தரப்பட்டிருந்த இடைக்கால விலக்கும் 2025 மார்ச்சுடன் முடிந்தது. 2021 ஏப்ரல் முதல் 70 வரை வேலை தர "முயல வேண்டும்". இந்தக் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். முயலாவிட்டால் அபராதம் இல்லை. ஜப்பானியச் சட்டங்களில் இது பழகிய வழி: முதலில் முயற்சிக் கடமை, நிறுவனங்கள் பழகிய பின் கட்டாயம்.

65 வரை வேலை தர நிறுவனத்துக்கு மூன்று வழிகள் உண்டு: ஓய்வு வயதை உயர்த்தலாம், ஓய்வு வயதையே எடுத்துவிடலாம், அல்லது 60-இல் கணக்கை முடித்துவிட்டு ஓராண்டு ஒப்பந்தங்களில் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறுவனங்கள் மூன்றாவது வழியில் போகின்றன. ஏனென்றால் மறுபடி சேர்க்கும்போது சம்பளத்தைக் குறைக்கலாம். அதே மேசை, அதே வேலை, ஆனால் சம்பளம் வேறு. இந்த வீழ்ச்சியைத் தாங்க அரசே வேலைக்காப்பீட்டு நிதியிலிருந்து ஒரு தொகை தருகிறது. சம்பளம் 60 வயதில் இருந்ததில் 75 சதவீதத்துக்கும் கீழே போனால் அது கிடைக்கும். உச்சவரம்பு புதிய சம்பளத்தில் 15 சதவீதமாக இருந்தது. 2025 ஏப்ரல் முதல் புதிதாகத் தகுதி பெறுவோருக்கு 10 சதவீதம். சம்பளத்தைக் குறைத்தால் அரசு ஈடுகட்டும் என்று நிறுவனங்களுக்குச் சொல்லிக்கொடுத்த திட்டம் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். குறைத்தது சரியே.

அடுத்த சிக்கல் ஓய்வூதியத்தில். பெரும்பாலானவர்களுக்கு 65-இல் ஓய்வூதியம் தொடங்கும். வேலையும் பார்த்துக்கொண்டு ஓய்வூதியமும் வாங்கினால், இரண்டும் சேர்ந்து ஒரு வரம்பைத் தாண்டும்போது மிஞ்சியதில் பாதி வெட்டப்படும். 2025 நிதியாண்டில் வரம்பு மாதம் 5.1 லட்சம் யென். (ஒரு யென் இந்தியப் பணத்தில் அரை ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல்.) ஒருவருக்குப் போனஸையும் பன்னிரண்டால் வகுத்துச் சேர்த்தால் மாதச் சம்பளம் 4.2 லட்சம், சம்பளத்தை ஒட்டிக் கணக்கிட்ட ஓய்வூதியம் 1.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 5.7 லட்சம். மிஞ்சுவது 60,000; அதில் பாதியான 30,000 யென் ஓய்வூதியத்தில் போய்விடும். எல்லோருக்கும் பொதுவான அடிப்படை ஓய்வூதியத்தில் கை வைக்க மாட்டார்கள். திறமையான, அதிகம் சம்பாதிக்கும் முதியவர் இதைப் பார்த்ததும் வேலை நாட்களைக் குறைத்துக்கொள்கிறார். வேண்டிய ஆளே விலகுகிறார். 2025-இல் நிறைவேறிய சட்டம் 2026 ஏப்ரல் முதல் இந்த வரம்பை 6 லட்சத்துக்கும் மேலே உயர்த்துகிறது.

ஓய்வூதியத்தைத் தள்ளிப்போட்டு வாங்கினால் மாதத்துக்கு 0.7 சதவீதம் கூடும். 70 வரை காத்திருந்தால் 42 சதவீதம், 75 வரை என்றால் 84 சதவீதம். 60-இலேயே வாங்கத் தொடங்கினால் 24 சதவீதம் குறையும். இங்கே பலர் ஏமாறுவது ஒரு சிறு விதியில்: சம்பளம் அதிகம் என்பதால் வெட்டப்படும் பகுதிக்கு இந்தக் கூடுதல் கிடைக்காது. "வெட்டுகிறார்கள், அதனால் தள்ளிப்போடுகிறேன், பின்னால் பெருகி வரும்" என்ற கணக்கு தப்பு. வெட்டுப்படாமல் வரக்கூடிய பகுதி மட்டுமே பெருகும்.

இவ்வளவு முரண்கள் இருந்தும் பலன் கண்கூடு. 65 முதல் 69 வயதுக்குட்பட்டோரில் வேலை செய்வோர் 2013-இல் நூற்றுக்கு 39 பேர், 2023-இல் 52 பேர். அதற்கு ஒரு விலையும் உண்டு. 2023-இல் வேலையிடத்தில் காயமடைந்து நான்கு நாளோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனவர்களில் 29 சதவீதம் 60 வயதைத் தாண்டியவர்கள். தொழிலாளர்களில் அவர்களின் பங்கு 19 சதவீதத்துக்கும் குறைவு. பெரும்பாலும் வழுக்கி விழுதல், தடுக்கி விழுதல். படிக்குக் கைப்பிடி, தரைக்கு வழுக்காத பூச்சு, மங்கலான மூலைக்கு ஒரு விளக்கு: முதியவரை வேலைக்கு எடுக்கும் முன் செய்ய வேண்டியவை இவைதான்.

பெண்கள், பகுதிநேர வேலை, வருமானச் சுவர்கள்

வரைபடத்தில் பார்த்தால் ஜப்பானியப் பெண்களின் வேலைவாய்ப்புக் கோடு நெடுங்காலம் நடுவில் பள்ளம் விழுந்து கிடந்தது: இருபதுகளில் உயரும், பிள்ளை பெறும் வயதில் சரியும், நாற்பதுகளில் மீண்டும் ஏறும். அந்தப் பள்ளம் இப்போது பெருமளவு நிரம்பிவிட்டது. 15 முதல் 64 வயது வரையிலான பெண்களில் வேலை செய்வோர் 2012-இல் 61 சதவீதம், 2023-இல் 73. இதில் குழந்தைக் காப்பகங்களுக்குப் பெரும் பங்கு. இடம் கிடைக்காமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்த குழந்தைகள் 2017-இல் 26,081, 2024-இல் 2,567. 2019 அக்டோபர் முதல் 3 முதல் 5 வயது வரை கட்டணம் இல்லை. தந்தையருக்கு 2022 அக்டோபரில் தனி விடுப்பு வந்தது: குழந்தை பிறந்த 8 வாரத்துக்குள் 4 வாரம், இரண்டு தவணையாகவும் எடுக்கலாம். 2024-இல் தகுதியுள்ள தந்தையரில் 40 சதவீதம் பேர் குழந்தை வளர்ப்பு விடுப்பு எடுத்தார்கள்.

ஆனால் வேலைக்கு வந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பகுதிநேரத்திலும் ஒப்பந்தத்திலும்தான் இருக்கிறார்கள். அவர்களில் பலர் வேண்டுமென்றே நேரத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். இதற்குக் காரணமானவற்றை அங்கே சுவர்கள் என்கிறார்கள். புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவது இங்கேதான், அதனால் சற்று நின்று பார்ப்போம்.

1986 முதல், சம்பளக்காரரைச் சார்ந்திருக்கும் மனைவி (அல்லது கணவர்) தனியாகக் கட்டணம் கட்டாமலே அடிப்படை ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுகிறார். சார்ந்திருப்பவர் என்பதற்கு ஆண்டு வருமானம் 13 லட்சம் யென்னுக்குக் கீழே இருக்க வேண்டும். இது 130 சுவர் (பத்தாயிரம் யென்னை ஓர் அலகாகக் கொண்டு எண்ணுவது அவர்கள் வழக்கம்). இதற்கும் முன்னால் 106 சுவர். 50 பேருக்கு மேல் சமூகக் காப்பீட்டில் உள்ள நிறுவனத்தில், வாரம் 20 மணி நேரமும் மாதம் 88,000 யென்னும் (ஆண்டுக்கு ஏறத்தாழ 10.6 லட்சம்) எட்டினால், பகுதிநேரத் தொழிலாளியும் காப்பீட்டில் சேர்ந்தாக வேண்டும். ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் சேர்த்துச் சம்பளத்தில் சுமார் 15 சதவீதம் பிடித்தம். 10.5 லட்சம் சம்பாதித்துக்கொண்டிருந்தவர் 10.6 லட்சத்துக்கு ஏறினால் கையில் நிற்பது 9 லட்சம் சொச்சம். பழைய நிலைக்கு வர 12.5 லட்சம் வரை போக வேண்டும். நடுவில் உள்ள உழைப்பெல்லாம் வீண் என்று தோன்றும். பிற்காலத்தில் ஓய்வூதியம் கூடும், நோய்வாய்ப்பட்டால் உதவித்தொகை கிடைக்கும் என்பது உண்மைதான். இந்த மாத வாடகைக்கு அது ஆகாது.

மூன்றாவது சுவர் வரி: 103. இது பாதி கற்பனை. மனைவி 10.3 லட்சத்தைத் தாண்டினாலும் கணவருக்கான வரிச் சலுகை ஒரேயடியாகப் போகாது, படிப்படியாகத்தான் குறையும். ஆனால் பல நிறுவனங்கள் குடும்பப் படியை அந்த எண்ணோடு கட்டிவைத்திருந்ததால் வீட்டுக்குச் சுவர் உண்மையாகவே இருந்தது. 2025-இல் அரசு வரி வரம்பை உயர்த்திவிட்டது. ஆயினும் குடும்பப் படி விதியை நிறுவனம் மாற்றாதவரை சுவர் நிற்கும்.

இனி இவை நேரத்தை எப்படித் தின்கின்றன என்று பாருங்கள். குறைந்தபட்ச ஊதியத்தின் நாட்டுச் சராசரி 2015-இல் மணிக்கு 798 யென். 10.6 லட்சத்துக்குள் நிற்க நினைப்பவர் அந்த ஊதியத்தில் ஆண்டுக்கு 1,328 மணி நேரம் உழைக்கலாம். 2024-இல் ஊதியம் 1,055 யென். அதே வரம்புக்குள் 1,004 மணி நேரம்தான். ஆளைக் கவர அரசு ஊதியத்தை ஏற்றுகிறது. ஏற ஏற ஒவ்வொருவரும் 300 மணி நேரத்துக்கு மேல் குறைத்துக்கொள்கிறார்கள். நவம்பரிலும் டிசம்பரிலும், கடையில் கூட்டம் அலைமோதும் நேரத்தில், பணிப்பட்டியலில் ஓட்டை விழுவது இதனால்தான்.

இதில் ஒரு தவறான புரிதலும் கலந்திருக்கிறது. 106 கணக்கு ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளத்தை மட்டும் பார்க்கும். ஓவர்டைம், போனஸ், பயணப்படி சேராது. ஆண்டு இறுதியில் இரண்டு மணி நேரம் கூடுதலாக நின்றால் 106 தாண்டிவிடும் என்று பயந்து மறுப்பவர் தேவையின்றி மறுக்கிறார். 130 கணக்கில் பயணப்படியும் சேரும். ஆனால் எதிர்பாராத வேலைப்பளுவால் தாண்டினால், முதலாளி எழுதித் தரும் சான்றைக் காட்டி, தொடர்ந்து இரண்டு முறை வரை சார்ந்திருப்பவராகவே இருக்கலாம். 2023 அக்டோபரில் வந்த சலுகை இது. காப்பீட்டில் சேர்த்து, கைக்கு வரும் பணம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு ஓர் ஆளுக்கு 5 லட்சம் யென் வரை மானியமும் அப்போது அறிவித்தார்கள்.

2025 சட்டப்படி 88,000 யென் நிபந்தனையே போகப்போகிறது. குறைந்தபட்ச ஊதியம் 1,016 யென்னை எட்டினால் வாரம் 20 மணி நேரம் உழைப்பவர் தானாகவே 88,000-ஐத் தொட்டுவிடுவார், நிபந்தனைக்குப் பொருளில்லை. நிறுவன அளவு வரம்பும் 2027 முதல் இறங்கி 2035-இல் மறையும். மிஞ்சப்போவது வாரம் 20 மணி நேரம் என்ற ஒரே சுவர். 19 மணி நேர ஒப்பந்தங்கள் பெருகுமா என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும். பெருகும் என்பதே எங்கள் ஊகம்.

வெளிநாட்டுத் தொழிலாளர்கள்

"குடியேற்றக் கொள்கை அல்ல" என்று சொல்லிக்கொண்டே ஜப்பான் ஆட்களை எடுத்துவருகிறது. 2024 அக்டோபரில் அங்கே வேலை செய்த வெளிநாட்டவர் 23 லட்சம் பேர். 1993-இல் தொடங்கிய தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தின் காகித நோக்கம் வளரும் நாடுகளுக்குத் திறன் கற்றுத்தருவது, நடந்தது கூலிவேலை. பயிற்சியாளர் என்பதால் முதலாளியை மாற்ற முடியாது. ஊரிலேயே தரகருக்குக் கடன்பட்டு வந்தவர் மோசமான முதலாளியிடம் மாட்டினால் ஓடிப்போவதுதான் வழி. 2023-இல் மட்டும் 9,753 பேர் காணாமல் போனார்கள். 2024 ஜூனில் நிறைவேறிய சட்டத்தின்படி 2027 ஏப்ரலில் இதற்கு மாற்றாகப் புதிய மூன்றாண்டுத் திட்டம் வருகிறது. அதில் துறையைப் பொறுத்து ஓராண்டு அல்லது இரண்டாண்டுக்குப் பின், மொழியிலும் திறனிலும் தேர்ச்சி காட்டினால், அதே துறைக்குள் முதலாளியை மாற்றலாம்.

2019 ஏப்ரலில் வந்த குறிப்பிட்ட திறன் விசா வேறு வகை. வேலைக்கு ஆள் வேண்டும் என்று ஒப்புக்கொண்டே வந்தது. 2024-இல் 16 துறைகள் என்றும் ஐந்தாண்டுக்கு 8.2 லட்சம் பேர் வரை என்றும் வரையறுத்தார்கள். முதல் நிலையில் பொதுவாக மொத்தம் ஐந்தாண்டு, குடும்பத்தை அழைத்துவர முடியாது. இரண்டாம் நிலையில் புதுப்பித்துக்கொண்டே போகலாம், குடும்பமும் வரலாம். சேர அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்வும் துறைத் திறன் தேர்வும் தேவை; பராமரிப்புத் துறைக்குப் பராமரிப்பு ஜப்பானியம் என்று ஒரு தேர்வு கூடுதல். அதே வேலை செய்யும் ஜப்பானியருக்குக் குறையாத சம்பளம் தர வேண்டும் என்பது விதி. விமான நிலையத்தில் வரவேற்பது, வீடு பார்த்துத் தருவது, வங்கிக் கணக்குத் தொடங்க உதவுவது போன்ற உதவிகளின் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது.

இத்திட்டத்துக்காக ஜப்பானுடன் இலங்கை 2019-இலும் இந்தியா 2021-இலும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2025 ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து ஐந்தாண்டில் 50,000 திறன் தொழிலாளர்கள் என்ற இலக்கும் அறிவிக்கப்பட்டது. பராமரிப்பு வேலைக்குப் போக நினைப்பவர் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் துறையில் இரண்டாம் நிலை விசா கிடையாது. ஐந்தாண்டுக்குள் தேசியப் பராமரிப்பாளர் தேர்வில் வென்று வேறு விசாவுக்கு மாற வேண்டும். தேர்வெழுதவே மூன்றாண்டு அனுபவம் தேவை. ஆக, கையில் இருப்பது இரண்டு அல்லது மூன்று வாய்ப்பு. 2026 ஜனவரித் தேர்விலிருந்து பாடத்தை மூன்று பகுதியாகப் பிரித்து, தேறிய பகுதியைத் தக்கவைத்துக்கொள்ள அனுமதித்திருப்பது பெரிய ஆறுதல். யென்னின் மதிப்பு மட்டும் அரசின் கையில் இல்லை. 2021-இல் டாலருக்கு 110 வாக்கில் இருந்தது, 2024-இல் 150 ஆனது. வீட்டுக்கு அனுப்பும் பணம் அந்த அளவுக்குச் சுருங்கியது.

லாரியும் கூடுதல் நேரமும்

ஆளே குறையாமலும் பற்றாக்குறை வரலாம். 2024 ஏப்ரலில் லாரி ஓட்டுநர்களின் கூடுதல் நேர வேலைக்கு ஆண்டுக்கு 960 மணி என்று வரம்பு வந்தது. களைத்துப்போய் வண்டி ஓட்டுவதைத் தடுக்கும் நல்ல சட்டம். ஒன்றும் செய்யாமல் விட்டால் 2024-இல் 14 சதவீதமும் 2030-இல் 34 சதவீதமும் சரக்கு ஏற்றிச் செல்லும் திறன் குறையும் என்று கணக்கிட்டார்கள். தீர்வு புதிய ஓட்டுநர்களிடம் இல்லை, கிடங்கு வாசலில் இருந்தது. ஒரு நடைக்குச் சுமார் 3 மணி நேரம் காத்திருப்பிலும் கையால் ஏற்றி இறக்குவதிலும் போகிறது. சரக்குக்காரர் காசு தராமல் எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. இதை 2 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று இப்போது சரக்குக்காரர்மீதே பொறுப்பு வைத்திருக்கிறார்கள். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்காமல் பலகைத்தட்டோடு ஃபோர்க்லிஃப்டில் ஏற்றினாலே பெரும்பகுதி மிச்சம். ஆனால் தட்டு வைத்தால் பெட்டிகள் சற்றுக் குறைவாகத்தான் கொள்ளும் என்பதால் சரக்குக்காரர்கள் தயங்குகிறார்கள்.

பராமரிப்பு

கடைசியாக, எல்லாவற்றையும்விடக் கடினமான துறை. 2040-இல் 27.2 லட்சம் பராமரிப்புப் பணியாளர்கள் தேவை. 2022-இல் இருந்ததைவிட 5.7 லட்சம் அதிகம். வேறு தொழிலாக இருந்தால் சம்பளத்தை ஏற்றி ஆள் பிடிப்பார்கள். இங்கே முடியாது. 2000-இல் தொடங்கிய பராமரிப்புக் காப்பீட்டில் ஒவ்வொரு சேவைக்கும் அரசே விலை குறிக்கிறது. வழக்கமாக மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறது. 2024-இல் மொத்தத்தில் 1.59 சதவீதம் ஏற்றினார்கள். ஆனால் வீட்டுப் பராமரிப்பின் அடிப்படைக் கட்டணத்தை 2 சதவீத அளவுக்குக் குறைத்தார்கள், பதினான்கு இடத்துக்கு ஓர் ஆள் என்றிருந்த அதே துறையில். ஊதிய உயர்வுக்கென வேறு தலைப்பில் தொகை கொடுத்தோம் என்பது அமைச்சகத்தின் பதில். அந்தத் தொகைக்கு விண்ணப்பம் எழுதவே ஆளில்லாத சிறு நிலையங்களுக்கு அந்தப் பதிலால் பயனில்லை. 2025 ஏப்ரலில் வீட்டுப் பராமரிப்பையும் வெளிநாட்டவருக்குத் திறந்துவிட்டார்கள்.

இயந்திரங்கள் இங்கே ஓரளவே உதவுகின்றன. படுக்கை உணரிகள், பதிவேட்டு மென்பொருள் ஆகியவற்றைப் பயன்படுத்தி, நிபந்தனைகளை நிறைவேற்றும் சில வகை இல்லங்களில், மூன்று பேருக்கு ஒரு பணியாளர் என்ற அளவு மூன்று பேருக்கு 0.9 என்று தளர்த்தப்பட்டிருக்கிறது. பத்துப் பேர் செய்ததை ஒன்பது பேர் செய்யலாம், அவ்வளவுதான்.

பராமரிக்க ஆள் கிடைக்காவிட்டால் மகளோ மகனோ வேலையை விடுகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பேர், பெரும்பாலும் அனுபவம் முதிர்ந்த நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். இதைத் தடுக்க ஒரு குடும்ப உறுப்பினருக்கு மொத்தம் 93 நாள் விடுப்பு உண்டு. மூன்று தவணையாக எடுக்கலாம், சம்பளத்தில் 67 சதவீதம் கிடைக்கும். பலர் செய்யும் பிழை, தாய் விழுந்ததும் 93 நாளையும் எடுத்து உடனிருந்து தாமே பார்த்துக்கொள்வது. நாள் முடிந்ததும் வேலையை விடுவதைத் தவிர வேறு வழி இருக்காது. அந்த விடுப்பு ஏற்பாடு செய்வதற்கானது. முதலில் அந்தப் பகுதியின் முதியோர் உதவி மையத்துக்குப் போய்ப் பராமரிப்புத் தகுதிச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வர ஏறத்தாழ 30 நாள் ஆகும். சான்று கிடைத்ததும் பராமரிப்பு மேலாளருடன் உட்கார்ந்து வாரத் திட்டம் போட வேண்டும். மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது போன்ற சில்லறை வேலைகளுக்கு ஆண்டுக்கு 5 நாள் தனி விடுப்பு இருக்கிறது. நீண்ட விடுப்புக்கு இரண்டு வாரம் முன்பே எழுதித் தர வேண்டும். இந்த விவரங்களைத் தேவைப்படும் ஊழியருக்கு நேரில் சொல்வதும், நாற்பது வயதை ஒட்டி எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிவிப்பதும் 2025 ஏப்ரல் முதல் முதலாளியின் கடமை.